தோரோஸ் வீட்டுக் குண்டான்

எங்கள் மராஷ் தெருவில் இல்லாத ஒன்றை இருப்பதாக யாராவது அளந்துவிட்டால், "ஆமாமா, தோரோஸ் வீட்டுக் குண்டான் மாதிரி" என்போம். வீட்டுக்காரர் இந்த வருஷம் லிஃப்ட் போட்டுத் தரப்போகிறாராம்: தோரோஸ் வீட்டுக் குண்டான். இன்னாருடைய மகனுக்குக் கனடாவில் பெரிய உத்தியோகமாம்: அதுவும் தோரோஸ் வீட்டுக் குண்டான்தான். பெய்ரூட்டின் இந்த மூலைக்கு இப்படி ஒரு பேச்சைக் கொடுத்த புண்ணியவான் ஓனிக். தரைத்தளத்தில் செருப்புக்கு மேல்தோல் வெட்டும் கடை வைத்திருக்கிறவன். வயது அறுபத்து நான்கு, வாய்க்கு மட்டும் பதினாறு.

தோரோஸ் அவனுக்கு எதிர்வீட்டு மூன்றாம் மாடிக்காரன். மாட்டிறைச்சியில் வெந்தயமும் பூண்டும் அரைத்துப் பூசிக் காயவைத்து விற்பது தொழில். அவன் தெருமுனை திரும்பும் முன்னே வாசனை வந்து நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடும். எழுபத்தெட்டில் அலெப்போவிலிருந்து கல்யாணம் கட்டிக்கொண்டு இந்தத் தெருவுக்கு வந்தான். வந்த வருஷமே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

ஆர்மீனியர்களான எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்தில் துருக்கியில் எங்களை ஊர் ஊராகக் கிளப்பிப் பாலைவனத்தில் நடக்கவிட்டே கொன்றார்கள். அந்த நினைவுநாள் ஏப்ரல் இருபத்து நான்கு. அன்று கோவிலிலிருந்து திரும்பி, காப்பி குடித்துக்கொண்டே, அவரவர் வீட்டில் தப்பி வந்த பொருளை எடுத்து வைத்துக் கதை சொல்வோம். ஒரு வீட்டில் பாதி பைபிள். ஒரு வீட்டில் துருப்பிடித்த கத்தரிக்கோல். சாவி மட்டும் எல்லார் வீட்டிலும் இருக்கும். அத்தனை சாவி வந்து சேர்ந்தது, பூட்டுதான் ஒன்றுகூட வரவில்லை. யாருடைய பொருள் பெரியது என்பதில் எங்களுக்குள் மறைமுகமான போட்டி வேறு. செத்தவர்களை வைத்துப் போட்டி போடுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

அந்தப் போட்டியில் ஓனிக்தான் நிரந்தர ராஜா. அவன் வீட்டில் ஒரு செம்புக் குண்டான் இருந்தது. இரண்டு காது வைத்தது, ஒரு கோழியை முழுசாக உள்ளே விடலாம். உள்பக்கம் ஈயம் பூசிப் பளபளவென்று இருக்கும். வெளிப்பக்கம் விரல்கனத்துக்குக் கரி. அந்தக் கரியைத் தேய்க்கக் கூடாது என்பது அவன் அப்பா காலத்துச் சட்டம். எங்கள் தெருவுக்குப் பெயர் கொடுத்த மராஷ், துருக்கியில் அந்த அப்பா பிறந்த ஊர். "இது மராஷ் கரி. எங்க ஊர் அடுப்புல பிடிச்சது. ஊரை விட்டுட்டோம், கரியையாவது விடாம இருப்போம்" என்று ஓனிக் சொல்லும்போது பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஈயம் பூசுகிறவன் பாவம், வெளியேயும் தேய்த்துத் தருகிறேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டு ஓனிக்கிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அந்தக் கரியில் பாதி பெய்ரூட் மண்ணெண்ணெய்க் கரி என்று ஓனிக்குக்கே தெரியும். தெரிந்து என்ன, மண்ணெண்ணெய்க் கரிக்கு யார் அழுவார்கள்.

எழுபத்தெட்டு ஏப்ரலில், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஒண்டி உட்கார்ந்திருந்த புது மாப்பிள்ளை தோரோஸ் மெதுவாகச் சொன்னான்.

"எங்க வீட்டுலயும் ஒரு செம்புக் குண்டான் இருந்துச்சு. அப்பாவோட அம்மா குலேனியா, ஸெய்துன் மலையூர்ல இருந்து தலையில சுமந்துட்டு வந்தது. பாலைவன வழியில மேஸ்கெனே முகாம்ல பக்கத்துக் கூடாரத்துப் பொம்பள ஏதோ வேகவைக்கக் கேட்டான்னு இரவல் கொடுத்தாங்க. மறுநாள் விடியும்போதே சிப்பாய்ங்க வந்து எங்க வரிசையைக் கிளப்பிட்டாங்க. திருப்பி வாங்க முடியல."

"அதாவது இருந்துச்சு, ஆனா இல்ல" என்றான் ஓனிக். "எங்க வீட்டுலயும் ஒரு ஒட்டகம் இருந்துச்சுப்பா. பக்கத்து வீட்டுக்காரன் துணி காயப்போட இரவல் வாங்கிட்டுப் போனான்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தோரோஸ் "அதுக்கப்புறம் எங்கப்பா..." என்று ஆரம்பித்தான். சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை. அடுத்த வருஷமும் ஆரம்பித்தான். அதற்கடுத்த வருஷமும். அவன் வாயைத் திறந்தாலே யாராவது "ஒட்டகம் வந்துருச்சா" என்பார்கள். முப்பத்தேழு வருஷத்தில் அவன் கதை ஒருநாளும் இரவலைத் தாண்டியதில்லை. பிறகு பிறகு அவனே முந்திக்கொண்டு தன் குண்டானைக் கேலி செய்ய ஆரம்பித்தான். அதுதான் வலி குறைவு என்று கண்டுகொண்டான் போலிருக்கிறது.

நூறாவது வருஷம் வந்தது. கோவில் மண்டபத்தில் பெரிய கண்காட்சி. பள்ளிக்கூடத்து ஷோகிக் டீச்சர்தான் பொறுப்பு. அவள் கையில் ஒரு படிவத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கி, கடைசியில் ஓனிக் கடைக்கு வந்தாள்.

"ஓனிக் மாமா, நடுவுல பெரிய கண்ணாடிப் பெட்டி உங்களுக்குத்தான். ஞாயித்துக்கிழமை திறப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் ரெண்டு நிமிஷம் பேச்சு. ரெண்டுன்னா ரெண்டு, சொல்லிட்டேன்."

"குண்டானே ரெண்டு நிமிஷம் பேசும், நான் எதுக்கும்மா" என்றான் ஓனிக். அன்று சாயங்காலமே இருபது நிமிஷப் பேச்சுக்குக் குறிப்பு எடுக்க உட்கார்ந்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் அவன் தோல் வெட்டிக்கொண்டிருந்தபோது மனைவி அஸ்னிவ் போன் செய்தாள். "மேல வா" என்றாள். அஸ்னிவ் இரண்டு வார்த்தையோடு நிறுத்துகிறவள் அல்ல. ஓனிக் கத்தியைப் போட்டுவிட்டுப் படியேறினான்.

சமையலறைத் தொட்டியில் குண்டான் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் எலுமிச்சை மூடி, உப்பு, சாம்பல். குண்டானின் வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்குச் செம்பு சிவந்து மின்னியது.

"மராஷ் கரி" என்றான் ஓனிக், ஏதோ ஆள் செத்த குரலில்.

"கண்ணாடிப் பெட்டியில டீச்சர் வெள்ளைத் துணி விரிச்சிருக்காளாம். ஊரே வந்து பார்க்கும். பார்த்துட்டு, ஓனிக் பொண்டாட்டி நூறு வருஷமா பாத்திரம் தேய்க்காதவன்னு சொல்லும். கொஞ்சம் ஓரத்துல மட்டும் தேய்க்கலாம்னு பார்த்தேன்" என்றாள் அஸ்னிவ். "கத்தறதை அப்புறம் கத்து. முதல்ல இதைப் படி."

எழுத்து வெட்டியிருந்தது. கல்யாண வீடுகளில் பாத்திரம் மாறிப்போகக் கூடாதென்று எங்கள் பெண்களின் சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டுவார்கள். அந்த மாதிரிச் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆன ஆர்மீனிய எழுத்து. ஓனிக் கண்ணாடியைத் தேடி, அது நெற்றியிலேயே இருப்பதைக் கண்டுபிடித்து, மாட்டிக்கொண்டு படித்தான்.

குலேனியா. மார்திரோஸின் மகள். ஸெய்துன், 1906.

ஓனிக்கின் வீட்டில் எந்தத் தலைமுறையிலும் குலேனியா என்று ஒருத்தி கிடையாது. ஸெய்துனில் அவர்களுக்கு ஒரு கோழிகூடச் சொந்தமில்லை. அவன் இன்னொரு தடவை படித்தான். எழுத்து மாறவில்லை.

"இது அவங்களுதுதானே" என்றாள் அஸ்னிவ், ஜன்னலுக்கு எதிரே கைகாட்டி.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் அப்பா ஏழு வயதில் மேஸ்கெனேவில் இருந்தவர். அந்தக் கூடார வெளியில் அம்மா இந்தக் குண்டானில் புல் வேகவைத்துக் கொடுத்ததால்தான் ஐந்து பிள்ளைகளில் இரண்டு மிஞ்சியது என்பார். இந்த மேஸ்கெனேவை ஓனிக் வருஷா வருஷம் கண்ணீர் வரச் சொல்வான். அடுத்த நிமிஷமே தோரோஸின் மேஸ்கெனேவுக்கு வயிறு குலுங்கச் சிரிப்பான். இரண்டு கதையும் ஒரே மேஜையில், ஒரே காப்பியோடு, முப்பத்தேழு வருஷமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கின்றன. இத்தனை வருஷம் தன்னைத் தெருவிலேயே புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருந்த முட்டாளுக்கு அது உறைக்கவேயில்லை.

அதைவிட இன்னொன்று அவனைக் குடைந்தது. கரியைத் தேய்க்காதே என்று அப்பா சொன்னது ஊர்க் கரியைக் காப்பாற்றவா, அடியில் இருக்கும் பெயரை மூடவா. அப்பா செத்து நாற்பத்து நான்கு வருஷம் ஆகிறது. இனிமேல் யாரிடம் கேட்க. அந்தக் கேள்வி வந்ததும் ஓனிக்குக்கு அப்பாவின் மேல் கோபம் வந்தது. பிறகு ஏழு வயதுப் பையன் மேல் கோபப்பட்டதற்காக வெட்கம் வந்தது.

"யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றான் கடைசியில்.

"எனக்குத் தெரியுமே."

"நீயும் நானும்தானே."

அஸ்னிவ் எலுமிச்சை மூடியைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவப் போனாள். அவள் கத்தியிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அடுத்து ஓனிக் செய்த காரியத்தை அவனே பிற்பாடு தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்ததால் நானும் சொல்லலாம். நூறு வருஷக் கரியை ஒரே மத்தியானத்தில் மறுபடி பிடிக்கவைத்துவிடலாம் என்று அந்த மேதை முடிவு செய்தான். கடையிலிருந்து ஒரு பை ரப்பர் அட்டைத் துண்டுகளை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனான். டிஷ் ஆன்டெனாக்களுக்கு நடுவே இரண்டு செங்கல் வைத்து, குண்டானை மேலே ஏற்றி, ரப்பரைக் கொளுத்தினான். எழுந்த புகையைப் பார்த்து அரபிக்காரர் தெருவிலிருந்துகூட ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள். மூன்று வீட்டில் காயப்போட்டிருந்த வெள்ளைத் துணியெல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது.

எதிர்மாடியில் துணிக்கொடிக்குப் பின்னாலிருந்து தோரோஸ் தலை நீட்டினான்.

"ஓனிக், என்னடா எரிக்கிற. கடையை மூடிட்டியா?"

"குண்டானுக்கு... கொஞ்சம் சூடு காட்டறேன். கண்காட்சிக்கு."

"கரி பத்தலையா?" தோரோஸ் சிரித்தான். "அதுக்கு ஏன் இவ்வளவு பாடு. எங்க வீட்டுக் குண்டானை எடுத்துட்டுப் போயேன். கரியே பிடிக்காது. கனமும் கிடையாது, ஒரு விரல்ல தூக்கிடலாம்."

ஓனிக் சிரிக்கத்தான் பார்த்தான். புகை தொண்டையில் அடைத்தது. இந்தக் கேலியை அந்த மனுஷனுக்குக் கற்றுக்கொடுத்ததே தான்தான் என்ற நினைப்பு அதைவிட அடைத்தது. இருமி இருமிக் கண்ணில் நீர் கொட்டியது. "பார்த்துடா, மூச்சு முட்டப்போகுது. தண்ணி கொண்டாரட்டுமா?" என்று தோரோஸ் எதிர்மாடியிலிருந்து கேட்டான். வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு ஓனிக் குண்டானைத் துணியால் பிடித்துத் திருப்பினான்.

ரப்பர் கரி வழுவழுப்பான செம்பில் நிற்கவில்லை, தொட்டதும் துணியோடு வந்துவிட்டது. ஆனால் எழுத்துப் புள்ளிகளின் பள்ளத்துக்குள் போய் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டது. சமையலறையில் கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டியிருந்த பெயர் இப்போது மை போட்டு எழுதின மாதிரி இருந்தது. குலேனியா. நாலடி தள்ளி நின்றாலும் தெரிந்தது.

ஓனிக் குண்டானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே வந்தான். முகமெல்லாம் கரி. அஸ்னிவ் பார்த்தாள், சிரிக்கவில்லை.

"திருப்பிக் கொடுத்துடறேன்" என்றான். "இப்பவே போய்..."

"இப்பவே எப்படி? வெறும் பாத்திரமாவா?" என்றாள் அஸ்னிவ். "இரவல் வாங்கின பாத்திரத்தை வெறுமையாத் திருப்பிக் கொடுக்கற வழக்கம் இந்த வீட்டுல எப்ப வந்துச்சு?"

அவன் முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டான்.

"அவங்க வீட்டுல வச்சே கொடுத்துடலாமா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றான் ஓனிக். "முப்பத்தேழு வருஷம் நாலு பேர் முன்னாடி வச்சுத்தானே சிரிச்சேன். நாலு பேர் முன்னாடிதான் கொடுக்கணும்."

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் கடையில் மூன்று ஜோடித் தோலைத் தப்பாக வெட்டினான். அஸ்னிவ் மிச்சக் கரியையும் தேய்த்து எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே குண்டானில் கோழியும் உமி நீக்கிய கோதுமையும் போட்டு ஹரிஸா ஏற்றினாள். கோதுமையும் கோழியும் ஒன்றோடொன்று அடையாளம் தெரியாமல் குழைகிறவரை கிண்ட வேண்டும். ஆறு மணி நேரம். கிண்டியது ஓனிக். அஸ்னிவ் கரண்டியைத் தொடமாட்டேன் என்றுவிட்டாள்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. கண்ணாடிப் பெட்டிகளில் சாவிகள், பைபிள்கள், ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை. நடுவிலிருந்த பெரிய பெட்டியில் வெள்ளைத் துணி மட்டும். தோரோஸ் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தான். வருஷா வருஷம் அங்கேதான் உட்காருவான், நடுவில் எழுந்து போக வசதியாக.

ஓனிக் பழைய துண்டுகளில் சுற்றிய குண்டானைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். ஆவி பறந்தது. வெண்ணெய் மணம் மண்டபம் பூராவும் பரவியது. ஷோகிக் டீச்சர் ஓடிவந்தாள்.

"மாமா, இது கண்காட்சி, கல்யாணப் பந்தி இல்ல. பெட்டிக்குள்ள சோறு வைக்கக் கூடாது."

"பெட்டிக்கு இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அவன் குண்டானை மேஜையில் இறக்கி மைக்கைப் பிடித்தான்.

"இந்தக் குண்டான் எங்க வீட்டுது இல்ல" என்றான்.

கூட்டம் சிரித்தது. ஓனிக் மைக் பிடித்தால் சிரிப்பது எங்களுக்குப் பழக்கம்.

"நெஜமாத்தான் சொல்றேன். இது மராஷ் குண்டான் இல்ல."

இன்னும் பலமாகச் சிரித்தோம். யாரோ பின்னாலிருந்து, "தோரோஸ் வீட்டுக் குண்டானா?" என்று கத்தினார்கள்.

"ஆமா" என்றான் ஓனிக். "தோரோஸ் வீட்டுக் குண்டான்தான்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவன் நின்றுகொண்டே இருந்தான். அவன் சிரிக்கவில்லை என்பதை முன்வரிசை முதலில் பார்த்தது. பிறகு மெல்ல மெல்லப் பின்வரிசை வரை அமைதி போனது. அவன் துண்டை விலக்கி, வெட்டியிருந்ததைப் படித்தான். பெயர், அப்பா பெயர், ஊர், வருஷம். அவ்வளவுதான் பேசினான். இருபது நிமிஷக் குறிப்பு சட்டைப்பையிலேயே இருந்தது. ரெண்டு நிமிஷத்துக்குள் முடித்தது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான்.

அவன் குண்டானைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்கு நடந்தான். தோரோஸ் எழுந்திருக்கவில்லை. ஓனிக் குண்டானை அவன் காலடியில் இறக்கிவைத்துவிட்டு, தானும் தரையிலேயே உட்கார்ந்தான்.

"உங்க பாத்திரம்" என்றான். "திருப்பித் தரத் தாமதமாயிடுச்சு. என்னை மன்னிச்சுடு தோரோஸ்."

தோரோஸ் குனிந்து எழுத்தின் மேல் விரலை வைத்தான். சூடு சுட்டிருக்க வேண்டும், எடுக்கவில்லை. முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை தடவினான். அப்புறம் திரும்பவும் முதலிலிருந்து.

"எங்கப்பா குண்டானைப் பத்தி ஒருநாளும் கேட்டதில்லடா" என்றான். குரல் தாழ்வாகத்தான் இருந்தது. ஆனால் மண்டபத்தில் எல்லாருக்கும் கேட்டது. "அந்தக் கூடாரத்துல அவர் வயசுல ஒரு பையன் இருந்தானாம். காலுல செருப்பு இல்ல, சாக்குத்துணி சுத்தியிருந்தானாம். எங்களைக் கிளப்பிட்டு நடத்திக் கூட்டிட்டுப் போறப்போ குலேனியா வழி பூரா இதையேதான் சொல்லிட்டு வந்தாங்களாம். குண்டான் போனாப் போகுது, அந்தப் பையன் சாப்பிட்டானா தெரியலையே, அது வேகறதுக்குள்ள நம்மளக் கிளப்பிட்டாங்களேன்னு. பாலைவனத்துக் கடைசியில டெர் ஸோர் முகாம் போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க செத்துட்டாங்க. எங்கப்பா சாகற வரைக்கும் என்கிட்ட அதைத்தான் கேட்டுட்டு இருந்தார். அந்தப் பையன் சாப்பிட்டிருப்பானாடான்னு."

விரல் இன்னும் எழுத்தின் மேலேயே இருந்தது. "இதைச் சொல்லத்தான் ஒவ்வொரு வருஷமும் ஆரம்பிச்சேன்."

எங்களில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஓனிக் மட்டும் அழுதான். வெட்கமில்லாமல், மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

"சாப்பிட்டார்" என்றான். "அறுபத்திரண்டு வயசு வரைக்கும் சாப்பிட்டார். எனக்குச் செருப்பு தைக்கக் கத்துக்கொடுத்தது அவர்தான்."

தோரோஸ் வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அஸ்னிவ் வந்து இரண்டு கரண்டியை நீட்டினாள். ஒன்றை அவன் வாங்கிக்கொண்டான். மூடியைத் திறந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டான்.

"உப்பு கம்மி" என்றான். இன்னொரு கரண்டியை ஓனிக்கிடம் தள்ளிவிட்டு, அடுத்த வாய்க்குக் குனிந்தான்.